டிக்கெட் எடுக்காத வண்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா?

போனில் சொன்னால் அம்மா நடுவில் புகுந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள், நீங்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் லீவில் வந்தபோது உங்கள் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை வந்தேன். நீங்கள் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனீர்கள். நான் அங்கே வேலியில் படர்ந்திருந்த கொடியைத் தட்டிப் பார்த்தேன். கொக்கி வைத்த காய் காய்க்குமே, உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருமே, அதே கொடி. அதிலிருந்து ஒரு கூன்வண்டு விழுந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, உடம்பில் பாதி நீளத்துக்கு மூக்கு. அதை இப்போதுதான் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எங்கள் மியூசியத்து இழுப்பறைகளில் இருக்கும் எதோடும் அது பொருந்தவில்லை. வேறு இரண்டு மியூசியங்களுக்குப் படம் அனுப்பினேன். அவர்களும் பார்த்ததில்லை என்கிறார்கள்.

இது புது இனம் அப்பா. யாரும் இன்னும் பேர் வைக்காதது.

ஒரே சிக்கல், கையில் இருப்பது ஒரு பெண் வண்டு மட்டும். ஆணின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சின்ன உறுப்பு இனத்துக்கு இனம் வேறு மாதிரி இருக்கும். அதைப் பார்க்காமல் புது இனம் என்று அறிவித்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் வேலை இந்த வருஷக் கடைசி வரைதான். இந்தக் கட்டுரை அதற்குள் அச்சானால் என்னை நிரந்தரமாக்கப் பேசுவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் தினமும் அங்கே போகிறீர்கள். பஸ் நிற்கும் நேரத்தில் அந்தக் கொடியைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க முடியுமா?

உங்கள் மகள்,
சிட்டு


பிப்ரவரி 16

அன்பு மகள் சிட்டுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்காலும் மாடிப்படியும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கின்றன. உன் நலமும், ஏற்கெனவே செத்துவிட்ட உன் பூச்சிகளின் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆணின் உறுப்பைப் பற்றி நீ எழுதிய இடம் வந்ததும் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து அடுத்த பத்தியிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா, "என்ன விட்டீங்க, அதையும் படிங்க" என்று பிடுங்கிப் படித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு இருமல்" என்றாள்.

உனக்கு ஆண் வண்டு வேண்டும். பிடித்துத் தருகிறேன். நான் பூச்சி பிடிக்கிற அழகு உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் வண்டு வரையச் சொன்னார். நான் வரைந்ததைப் பார்த்து, "உருளைக்கிழங்குக்கு எதுக்குடா கால்?" என்றார். எட்டாம் வகுப்போடு அறிவியல் என்னிடமிருந்து தப்பித்தது. இப்போது மறுபடி மாட்டிக்கொண்டது.

பஸ் நன்றாக ஓடுகிறது. கண்டக்டர் சில்லறை உன்னை விசாரித்தான். இத்தனை வருஷமாகியும் அவன் பையில் மட்டும் சில்லறை சேரவில்லை.

ஒரு கேள்வி. பேர் வைக்காத வண்டு என்கிறாயே, அதற்கு யார் பேரை வேண்டுமானாலும் வைக்கலாமா? சும்மா பொது அறிவுக்காகத்தான் கேட்கிறேன். என் மூக்கும் நீளம் என்பதை ஞாபகப்படுத்தவில்லை.

என்றும் அன்புள்ள,
அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாம் நலம். சளி இருந்தது, போய்விட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மூக்கைப் பரிசீலனையில் வைத்திருக்கிறேன். இப்போது வேலையைக் கேளுங்கள். கொடிக்கு அடியில் வெள்ளைத் துணியோ, தலைகீழாக விரித்த குடையோ பிடித்துக்கொண்டு, தண்டைக் குச்சியால் தட்டுங்கள். விழுவதைத் தொடாமல் ஈரத் தூரிகையால் எடுத்து, மருந்துக்கடை ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போடுங்கள். நான்கைந்து காய்களையும் தனியாக வைத்து அனுப்புங்கள்.

குப்பிக்குள்ளேயே ஒரு சீட்டு வேண்டும். பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். எந்த இடம், எந்தத் தேதி, எந்தச் செடி, சேகரித்தவர் யார். இவ்வளவுதான். வண்டை விட அந்தச் சீட்டுதான் முக்கியம் என்று எங்கள் துறைத்தலைவர் சொல்வார். நாம் எல்லோரும் போன பிறகு யாரோ ஒருவர் அந்தச் சீட்டை நம்பித்தான் அந்த இடத்தைத் தேடிப் போவார். சீட்டு இல்லாத பூச்சி இங்கே குப்பைக்குச் சமம்.

வெயிலில் அதிக நேரம் நிற்காதீர்கள். டீயை விட்டுவிட்டுக் கொடியைத் தட்டவும் வேண்டாம். இரண்டும் நடக்கட்டும்.

சிட்டு


மார்ச் 9
டயர் ரூம்

அண்ணே,

வணக்கம். நல்லா இருக்கீங்களா? நான் ஷிப்ட் முடிச்சு வர்றதுக்குள்ள நீங்க வீட்டுக்குக் கிளம்பிடுறீங்க, அதான் இந்தச் சீட்டை டயர் ரூம் அலமாரில வெச்சுட்டுப் போறேன்.

நீங்க குடுத்த குடையோட கடைசி ஸ்டாப்ல எறங்கினேன். மழையே இல்லாம குடையைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்து, புது டிரைவர் தம்பி ஹாரன் அடிச்சுச் சிரிச்சான். சிரிச்சா சிரிக்கட்டும். ஆனா அண்ணே, அங்க கொடியே இல்ல. பஸ் திரும்ப இடம் பத்தலன்னு போன மாசமே வேலியோட எல்லாத்தையும் வழிச்சுட்டாங்க. மொட்டை மண்ணுதான் கிடக்கு.

கோவப்படாம இருந்தா ஒண்ணு சொல்றேன். போன நவம்பர்லயே கண் டெஸ்டுல உங்களை எறக்கி டயர் ரூம்ல போட்டுட்டாங்க. இன்னும் பொண்ணுகிட்டயும் சொல்லல, அண்ணிகிட்டயும் சொல்லல. தினமும் டிரைவர் சட்டைல வீட்டை விட்டுக் கிளம்பி, இங்க வந்து மாத்திக்கிறீங்க. நாடகக்காரங்க கூட வாரத்துக்கு ஒரு நாள் லீவு விடுவாங்க. பாப்பாவுக்குக் கொடி போயிடுச்சுன்னு எழுதுங்க. அப்படியே மிச்சத்தையும் எழுதிடுங்க.

நீங்க ஓட்டினப்போ பிரேக் போட்டா எவனும் விழ மாட்டான். இப்ப நான் தினமும் ரெண்டு பேரைத் தூக்கி விடுறேன்.

உங்க தம்பி,
சில்லறை


மார்ச் 30

அன்பு மகள் சிட்டுக்கு,

நலம், நலமே விளைக. அம்மாவின் முழங்கால் இந்த வாரம் அம்மா பேச்சைக் கேட்கிறது. உன் சளி போனது பற்றி அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள், எப்படி என்று கேட்காதே.

பார்சலைப் பிரித்துப் பார். வண்டு கிடைத்துவிட்டது.

முதல் நாள் குடையில் விழுந்தவை: எறும்பு, சருகு, ஒரு சிலந்தி. இரண்டாம் நாளும் அதே குடும்பம், கூடவே சிலந்தியின் மாமியார். மூன்றாம் நாள் தட்டியதில் கறுப்பாக ஒன்று விழுந்தது. தூரிகையால் தொட்டதும் செத்தது போல் காலை மடக்கிக்கொண்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூக்கு இருந்தது. நானும் அதுவும் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதன் பிறகு விடவில்லை. வேலை இடைவேளை முழுக்க அங்கேதான். பார்க்கிறவர்கள் எனக்கு வேண்டுதல் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாதியைக் குப்பியில் போட்டேன். மீதியை உன் அறையில் பார்த்தது போல் அழகாக அட்டையில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அப்பாவும் கொஞ்சம் விஞ்ஞானி என்று உன் துறைத்தலைவருக்குத் தெரியட்டும். காய்களும் இருக்கின்றன, விரல் பத்திரம்.

சீட்டு பென்சிலில் எழுதியிருக்கிறேன். இடம்: கடைசி நிறுத்தம், வேலி.

அப்பா


ஏப்ரல் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இந்த வாரம் நலத்துக்கு மேலேயே ஏதோ இருக்கிறது.

குப்பியில் மூன்று ஆண்கள். நேற்று ஒன்றைத் திறந்து பார்த்தேன். அந்த உறுப்பின் நுனி கரண்டி போல் வளைந்திருக்கிறது. இதன் உறவு இனங்களில் வேறு எதற்கும் அப்படி இல்லை. துறைத்தலைவர் வந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "எழுத ஆரம்பி" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வருஷத்தில் நான் கேட்ட மிக நீளமான பாராட்டு அதுதான்.

அட்டையில் ஒட்டியவற்றைப் பற்றி. எதைக் கொண்டு ஒட்டினீர்கள்? தண்ணீரில் கரையவில்லை, ஸ்பிரிட்டில் கரையவில்லை, எங்களிடம் இருக்கும் எதிலும் கரையவில்லை. ஒரு வண்டை எடுக்கப்போய் கால்கள் அட்டையோடு நின்றுவிட்டன. பக்கத்து மேசைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு சைக்கிள் ட்யூப் பஞ்சர் பசை வாசனை என்கிறார்.

இன்னொன்று. வண்டுகளின் கால் மயிரில் பொடிப்பொடியாகக் கறுப்புத் துகள் இருக்கிறது. ஊசியால் அழுத்தினால் நசுங்கி மறுபடி பழையபடி ஆகிறது. கடைசி நிறுத்தத்தில் செம்மண்தானே?

உங்கள் கையெழுத்து பெரிதாகிக்கொண்டே வருகிறது அப்பா. வரிகள் வலப்பக்கம் மேடேறுகின்றன. கண்ணைக் காட்டினீர்களா?

இன்னும் கொஞ்சம் வண்டு வேண்டும். ஒட்ட வேண்டாம்.

சிட்டு


ஏப்ரல் 27

அன்பு மகள் சிட்டுக்கு,

இங்கே நலம். அங்கே வண்டுகளின் கால் போனது கேட்டு வருத்தம்.

பசை சில்லறை கொடுத்தது. எங்கேயிருந்து கொண்டு வந்தான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். கறுப்புத் துகள் பஸ் புகையாக இருக்கும். கையெழுத்து பெரிதானது புதுப் பேனாவால். முனை தடிமன். வரி மேடேறினால் நல்லதுதானே, பள்ளத்தில் இறங்கினால்தான் பிரேக் வேண்டும்.

மேலும் ஒரு குப்பி வண்டு அனுப்பியிருக்கிறேன். ஒட்டவில்லை.

அம்மா விசாரிக்கிறாள்.

அப்பா


ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் போன கடிதம் மிகவும் சின்னது. நீங்கள் இவ்வளவு சுருக்கமாக எழுதி நான் பார்த்ததில்லை. அம்மா நலமா? நீங்கள் நலமா? இரண்டாவதைத் தனியாகக் கேட்கிறேன்.

கட்டுரை முடிந்தது. பத்திரிகையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சுக்கு முந்தைய படி என் மேசையில் இருக்கிறது. நான் சரி பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இருக்கும் வண்டுகளில் ஒன்றே ஒன்றை எடுத்து அதன் கீழே சிவப்புச் சீட்டுக் குத்துவோம். அந்தப் பேருக்கு அந்த ஒரு வண்டுதான் சொந்தக்காரர். சந்தேகம் வந்தால் எந்தக் காலத்திலும் எல்லோரும் அதைத்தான் வந்து பார்ப்பார்கள். நீங்கள் பிடித்த ஓர் ஆணை அதற்கு எடுத்திருக்கிறேன். பேர் லத்தீனில். அர்த்தம், கடைசி நிறுத்தத்தில் வசிப்பவன்.

பேர் விஷயத்தில் ஒரு விதி இருக்கிறது. அச்சில் வந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. தப்பான பேர் என்று தெரிந்தாலும் முடியாது. தெற்கே வாழும் பிராணிக்கு வடக்கின் பேர் வைத்துவிட்டு, இன்றுவரை அந்தப் பேரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. வைத்தவரே அழுது கேட்டாலும் அது அப்படியேதான் நிற்கும்.

சீட்டில் இருக்கிறபடியே எழுதியிருக்கிறேன். திருத்த ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை யோசித்துச் சொல்லுங்கள். இந்த மாதக் கடைசி வரை படியைக் கையில் வைத்திருப்பேன்.

சிட்டு


ஜூன் 19

அன்பு மகள் சிட்டுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம். என்னைப் பற்றி இந்தக் கடிதம் முழுக்க வருகிறது.

அந்தப் படியில் கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் தந்தி அடித்தாவது நிறுத்து. இப்போது தந்தி இல்லை என்று சில்லறை சொல்கிறான். அப்படியானால் ஓடிப் போய் நிறுத்து.

அந்த வண்டுகள் கடைசி நிறுத்தத்தில் பிடித்தவை அல்ல. அங்கே நீ பார்த்த கொடி இப்போது இல்லை, வழித்துவிட்டார்கள். நான் பிடித்தது டிப்போவில், டயர் கூடத்தின் பின்சுவரில். சாக்கடை ஓரமாக அதே கொடி படர்ந்திருக்கிறது, அதே கொக்கிக் காய். கறுப்புத் துகள் டயர் தேய்க்கிற பொடி. பசை பஞ்சர் பசை. உன் பக்கத்து மேசைக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்.

டயர் கூடத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பாய். அதுதான் என் வேலை. போன நவம்பரில் கண் பரிசோதனை. அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்வார்கள் என்று தெரியும். அதனால் எனக்கு முன்னால் போனவன் படித்ததைக் கதவோரம் நின்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். டாக்டர், "ரொம்ப நல்லாப் படிச்சீங்க. ஆனா அட்டையை மாத்திட்டேனே" என்றார். இடது கண்ணில் புரை. வலதும் ஆரம்பித்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார். செய்துகொள்ள வேண்டியதுதானே என்பாய். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். எத்தனையோ லாரிக்காரன்களை எதிரில் பார்த்தவன்தான், ஆனால் அவர்கள் யாரும் கத்தி வைத்திருக்கவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அவள் உன்னிடம் சொல்வாள். பிறகு நீ வண்டு கேட்டு எழுதினாய். "தினமும் அங்கே போகிறீர்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. வண்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் இடம் எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். வண்டு நிஜம்தானே.

ஆனால் நீ எழுதிய விதியைப் படித்த பிறகு என்னால் உட்காரவும் முடியவில்லை. நான் செத்த பிறகும் யாரோ ஒருவன் குடையும் கையுமாக அந்த மொட்டை மண்ணில் வந்து நின்று கொடியைத் தேடுவான். அவனை அங்கே அனுப்பியது நானாக இருப்பேன். என் பொய்யை நான் எப்படியாவது ஓட்டிக்கொள்வேன். உன் பேரில் அது போகக் கூடாது. மாற்று. என்ன செலவானாலும், துறைத்தலைவர் என்ன சொன்னாலும், மாற்று. அவர் கோபப்பட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

நேற்று அம்மாவிடமும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்பத்திலேருந்து?"

"முத நாள்லேருந்து. சட்டை மட்டும்தான மாத்துறீங்க, ரப்பர் வாசனையை எங்க மாத்துறீங்க? அந்தப் பனியனைத் தனியா ஊற வெச்சுத் துவைச்சே என் சோப்பெல்லாம் போச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாளைக்காவது டிரைவர் சட்டையை விடுங்க. இஸ்திரி போடுற வேலையாவது மிச்சமாகும்."

இன்னொன்றும் இருக்கிறது. மேலதிகாரிகள் பார்வையிட வருவதால் பின்சுவரைச் சுத்தம் செய்து வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். நேரே அவர் அறைக்குப் போனேன்.

"சார், அந்தக் கொடியை விட்டுடணும். அதுல வண்டு இருக்கு."

"வண்டு இருந்தா மருந்து அடி."

"உலகத்துலயே இங்க மட்டும்தான் இருக்கு சார்."

"உலகத்துலயே இங்க மட்டும்தான் இருக்கிறது இந்த டிப்போல ஏற்கெனவே நிறைய இருக்குய்யா. உன்னையும் சேத்து."

நான் நகரவில்லை. கடைசியில், "உன் பொண்ணு மியூசியத்துலேருந்து எழுத்துல வாங்கிட்டு வா, பாக்கலாம்" என்றார். எழுத்து வரும் வரை அந்தச் சுவர் ஓரம் பழைய டயர்களை என் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் போய் வெள்ளை அடிக்க நினைப்பவன் முதலில் என்னிடம் பேச வேண்டும்.

அப்பா (டிரைவர் இல்லை, டயர் பிரிவு)


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போன மாதம் முழுக்க இல்லை, உங்கள் கடிதம் வந்த பிறகுதான்.

படி அனுப்பவில்லை. அனுப்புவதாகவும் இல்லை. அந்தக் கறுப்புத் துகளை ஏப்ரலிலேயே சூடான ஊசியால் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் நாற்றம் வந்தது. பஸ் புகை நசுங்கித் திரும்பாது அப்பா. நீங்கள் கடைசி நிறுத்தத்தில் இல்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. ஏன் இல்லை என்றுதான் தெரியவில்லை. அந்த யோசனையில் நான் எங்கெங்கோ போய்விட்டு வந்தேன். அதைப் பற்றி எழுதவில்லை.

கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் இன்னொரு ஜோக் சொல்வீர்கள். அதையும் நான் நம்ப வேண்டியிருக்கும். அதனால் விதியை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். மாதம் முடிந்தும் நீங்கள் எழுதாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றிருப்பேன். அதைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன். ஒரு பொய்ச் சீட்டு தெரியவந்தால் அதற்குப் பிறகு என் எந்தச் சீட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது வேலை. உங்கள் கடிதம் வந்த அன்றே சில்லறை மாமாவுக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன்: அப்பாவின் பஸ்ஸை ராத்திரி எங்கே நிறுத்துவார்கள்? "டயர் ரூம் பின்சுவரை ஒட்டித்தான், அது எப்பவும் அண்ணன் இடம்" என்றார். நீங்கள் அனுப்பிய காய்களை வெட்டிப் பார்த்தேன். உள்ளே விதையைத் தின்றுகொண்டு புழு இருக்கிறது. அந்த வண்டின் புழுதான். புரிகிறதா? கொக்கிக் காய் உங்கள் பஸ்ஸின் அடியில், சக்கரத்துக்கு மேலே, மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டிப்போவில் விழுந்திருக்கிறது. புழு தின்னாமல் விட்ட விதை முளைத்தது, புழு வண்டானது. எத்தனையோ வருஷமாக நீங்கள்தான் அவற்றைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். கடைசி நிறுத்தத்தில் கொடியை வழித்த பிறகும் அவை பிழைத்திருப்பது அதனால்தான். பழைய சீட்டை நம்பியிருந்தால் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கட்டுரையை மறுபடி எழுதிவிட்டேன். இடத்தை மாற்றினேன். பேரையும் மாற்றினேன். புதுப் பேரின் அர்த்தம், டிக்கெட் எடுக்காமல் வந்தவன். மன்னிக்கவும், உங்கள் மூக்கு இந்த முறை தேர்வாகவில்லை.

மேனேஜருக்குத் துறைத்தலைவரின் கடிதம் தனியாக வருகிறது. முத்திரை பெரியதாகக் குத்தச் சொல்லியிருக்கிறேன்.

கண் ஆபரேஷனுக்கு நான் வருகிறேன். தேதியை அம்மா முடிவு செய்வாள், உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. நான் தினமும் கடுகளவு உடம்பைத் திறந்து மூடுகிறவள். கத்தியைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

சிட்டு


அக்டோபர் 22

அன்பு மகள் சிட்டுக்கு,

என் ஆபரேஷன் முடிந்து நீ நலமாகப் போய்ச் சேர்ந்ததாக எழுதியதற்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு வாரம் எழுதவோ குனியவோ கூடாது என்று டாக்டர் சொன்னதை அம்மா இரண்டு மாதம் என்று கேட்டுக்கொண்டாள். இங்கே எல்லோரும் நலம். இடது கண் மிகவும் நலம். வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்கு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கட்டுரை வந்தது. உன் வேலை நிரந்தரமான செய்தியும் வந்தது. எதை முதலில் கொண்டாடுவது என்று தெரியாமல் அம்மா இரண்டு தடவை அழுதாள். லத்தீன் எனக்கு ஓடவில்லை. நன்றி சொல்லும் இடத்தில் இங்கிலீஷில் "பஸ் டிப்போவின் டயர் பிரிவில் பணிபுரியும் என் தந்தை" என்று போட்டிருப்பதைச் சில்லறை அர்த்தம் சொன்னான். அம்மா, "நல்லதாப் போச்சு, அச்சுலயே வந்துடுச்சு. இனிமே யார்கிட்டயும் நடிக்க முடியாது" என்றாள்.

டிரைவர் சீட் திரும்பக் கிடைக்காது. வயது வரம்பைத் தாண்டிவிட்டேன். கேட்டுப் பார்த்தேன், கேட்டதோடு சரி. பின்சுவர் மட்டும் வெள்ளை அடிக்காமல் இருக்கிறது. மேனேஜர் பார்வையிட வந்தவர்களை அங்கே கூட்டிப்போய், என்னமோ அவரே பெற்று வளர்த்தது மாதிரி விளக்கம் சொன்னார். நான் டயர்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று லீவு போட்டுவிட்டு நம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த ரோட்டைப் பக்கவாட்டில் பார்த்தேன். சில்லறை வந்து, "அண்ணே, டிக்கெட்" என்றான். சிரிக்கவே இல்லை. எடுத்தேன். மீதி கேட்டேன். சில்லறை இல்லை என்றான்.

புது டிரைவர் தம்பி நன்றாகத்தான் ஓட்டுகிறான். பிரேக் கொஞ்சம் முன்கூட்டியே போட வேண்டும். இறங்கும்போது சொல்லியிருக்கிறேன்.

கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்புவதற்கு முன்னாலேயே, ஜன்னல் வழியாக, புது வேலியின் அடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். அதே கொடி. முழங்கால் உயரம் கூட இல்லை. பஸ் வந்து நிற்கிற இடத்தை ஒட்டி முளைத்திருக்கிறது. பஸ்ஸுக்கு அடியில் டிப்போவுக்குப் போன வழியிலேயே திரும்பி வந்திருக்கிறது போல.

குடை கையில் இருந்தது. நான் எங்கே போனாலும் இப்போது அது கையில் இருக்கிறது. தட்டினேன். ஒன்றே ஒன்று விழுந்தது. ஆணா பெண்ணா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். குப்பியில் வருகிறது. சீட்டு உள்ளே இருக்கிறது, பென்சிலில்தான். ஒருவேளை ஸ்பிரிட்டில் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

இடம்: கடைசி நிறுத்தம், புது வேலி அடியில்.
தேதி: அக்டோபர் 21.
செடி: கொக்கிக் காய்க் கொடி, இளசு.
சேகரித்தவர்: அப்பா.
பஸ்ஸை ஓட்டியவர்: வேறு ஒருவர்.

கடைசி வரி சீட்டுக்குத் தேவையில்லை என்பாய். தெரியும். இருக்கட்டும்.

அப்பா